நியூசிலாந்துக்குக் கிளம்பவிடாமல் தடுப்பது எது?

ஜூன் 2, 2025

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நியூசிலாந்துக்கு நம்மவர்கள் போகாததற்கு ஒரே காரணம் டிக்கெட் விலை. அதைப் பாதியாக்கிப் பாருங்கள், விமானம் நிரம்பி வழியும்."

இல்லை என்பது என் கட்சி. டிக்கெட் விலை தெரிவதற்கு முன்பே பாதிப் பேர் கழன்று கொள்கிறார்கள். போன வருஷம் ஏப்ரல் கடைசியில் நாங்கள் நான்கு பேர் போய் வந்தோம்: நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தொடும் மாமியார். அதற்கு முன் ஆறு வருஷம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றே ஓடியது. அந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட டிக்கெட் விலையைத் தேடிப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுப் பயந்திருந்தால் விலைதான் காரணம் என்று ஒப்புக்கொள்வேன்.

எங்களை நிறுத்தி வைத்தது விசாக் காகிதங்கள்தான் என்று நினைக்கிறேன். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 3, 2025

விசா.

ஒருவருக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 போதும். ஒரு டாலரை ஐம்பது ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இது மலைக்கிற தொகை இல்லை. ஆனால் பணம் இருந்தால் மட்டும் போதாது, அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் கணக்கில் ஜனவரியில் மூன்றரை லட்சம் மொத்தமாக வந்து விழுந்திருந்தது. சீட்டு எடுத்த பணம். இது எங்கிருந்து வந்தது, விளக்கவும் என்று மடல் வந்தது.

ஏலச்சீட்டை வெளிநாட்டுக்காரருக்கு எழுத்தில் விளக்கிப் பாருங்கள், தெரியும். இருபது பேர் மாதாமாதம் பணம் போடுவார்கள், யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதத் தொகை, மீதி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். நான் எழுதியதை நானே படித்தபோது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலவே இருந்தது. கடைசியில் சீட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒன்பது நாளில் விசா வந்தது. அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமியார் விவகாரம் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விண்ணப்பமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. இருக்கிற ஒரே பெயரை அங்கே போட்டோம். டிக்கெட்டில் அதே பெயர் இரண்டு முறை அச்சாகி வந்தது. "என்னை எதுக்குய்யா ரெண்டு தடவை கூப்பிடறாங்க, சண்டைக்கா?" என்றார்.

அப்புறம் புதிதாக ஒன்று. மே 26 முதல் வருகை விசாவுக்குக் கொடுக்கும் ஆவணம் எதுவாக இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். மாமியாரின் வீட்டுப் பத்திரத்தை நாங்கள் தமிழிலேயே ஏற்றினோம். இனி அது நடக்காது. குடும்பத்தார் மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் செல்லாது. "கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி" என்று இருக்கும் பத்திரத்தை ஆங்கிலமாக்க ஆள் தேடுவதே ஒரு பயணம்தான்.

ஜூன் 3, இரவு

சேர்க்க விட்டுப்போனது: சுற்றுலாப் பயணிகளுக்கான வரி தலைக்கு 35 டாலர். விசாவோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள்.

ஜூன் 4, 2025

தவறு. ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி. 35 டாலர் என்பது நாங்கள் கட்டியது. அந்த வரி 2019 ஜூலையில் தொடங்கியபோது 35தான். 2024 அக்டோபர் 1 முதல் 100. அன்றே விசாக் கட்டணத்தையும் ஏற்றினார்கள். நாங்கள் நான்கு பேருக்கு 140 டாலர் கொடுத்தோம், இன்று போகிறவர் 400 கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியர்களுக்கு இந்த வரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப்பக்கமாக வரலாம் போல.

இதை வைத்து "பார்த்தீர்களா, பணம்தான் காரணம்" என்று அதே வாசகர் மீண்டும் வருவார். இந்த வரியைக் கேட்டுப் பயணத்தைக் கைவிட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எரிச்சல் வரும், முணுமுணுப்போம், கட்டிவிடுவோம். எரிச்சல் என்பதும் தடை என்பதும் ஒன்றில்லை.

ஜூன் 7, 2025

வந்துவிட்டார். சரி, பணத்தையும் பேசிவிடலாம்.

அங்கே போனபின் எங்கள் கையைக் கடித்தது உணவகம் மட்டும்தான். ஆனால் அந்த ஊர் மோட்டல் அறைகளில் பெரும்பாலும் சின்னச் சமையலறை இருக்கிறது. அடுப்பு, பாத்திரம், தட்டு, ஃப்ரிட்ஜ் எல்லாம். அரிசியும் தயிரும் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். மாமியார் மூன்றாம் நாளே ரசம் வைத்துவிட்டார். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. விலைச்சீட்டில் போட்டிருப்பதுதான் விலை, 15 சதவீத வரி அதற்குள்ளேயே அடக்கம். அமெரிக்கா போய் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அளவு செலவழித்து சுவிட்சர்லாந்து போகிறவர்கள் நம்மிடம் ஏராளம். அவர்களுக்குப் பணம் தடையாக இல்லையே. ஆக வேறு எதுவோ தடுக்கிறது.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

சுவிட்சர்லாந்தை இழுத்தது தப்பாகிவிட்டது. ஐரோப்பாவில் ஒரே விசாவில் ஐந்து நாடு பார்த்துவிடலாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயம்தான். நியூசிலாந்துக்குப் பக்கத்தில் அப்படிச் சேர்த்துப் பார்க்க ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியா மூன்று மணி நேரப் பறப்பு, அதற்குத் தனி விசா. அங்கே வெறுமனே விமானம் மாறிப் போவதாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும். இலவசம்தான், ஆனாலும் விண்ணப்பம் விண்ணப்பம்தானே. நாங்கள் சிங்கப்பூர் வழியைப் பிடித்தது இதனால்தான்.

ஜூன் 12, 2025

நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். விசாதான் காரணம் என்று முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். விசா எரிச்சல்தான், கட்டி முடிக்கக்கூடிய எரிச்சல். எங்களை ஆறு வருஷம் நிறுத்தியது நாட்காட்டி.

கணக்கைப் பாருங்கள். செவ்வாய் இரவு சென்னையில் ஏறினோம். நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். புதன் பகல் முழுக்க அங்கே காத்திருப்பு. புதன் இரவு கிளம்பி, பத்து மணி நேரம் பறந்து, வியாழன் காலை கிறைஸ்ட்சர்ச். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள், போனதும் ஒரு நாள் தூக்கம், வந்ததும் ஒரு நாள் தூக்கம். ஐந்து நாள் போயே போச்சு. பத்து நாள் விடுப்பு வாங்குவதற்கே ஒரு சாக்கும் ஒரு பொய்யும் தேவைப்படும் வேலையில் இருப்பவன் என்ன செய்வான்? தாய்லாந்து போவான்.

இதோடு பருவமும் தலைகீழ். நம் பள்ளிக்கு ஏப்ரல், மே விடுமுறை. அங்கே அப்போது இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கும். அவர்களுடைய நல்ல கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது இங்கே அரையாண்டுத் தேர்வு, பொங்கல், அப்புறம் திருப்புதல் தேர்வு. பள்ளிக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நியூசிலாந்து தப்பான மாதத்தில்தான் கிடைக்கும்.

நேர வித்தியாசம் ஏழரை மணி. ஏழரை என்றதுமே மாமியார் முகம் மாறிவிட்டது. சனி விலகியபின் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

ஜூன் 13, 2025

திருத்தம்: ஏழரை என்பது அவர்களுடைய கோடை நேரத்தில். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதன்பின் ஆறரை. மாமியாரிடம் இப்படிச் சொல்லித்தான் சமாதானம் செய்தோம், அது எனக்கே மறந்துவிட்டது.

ஜூன் 13, மாலை

விடுப்புப் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஜனவரி 27 முதல் வருகை விசாவில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே தங்கள் நாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கலாம். நியூசிலாந்து முதலாளியிடம் வேலை செய்யத்தான் கூடாது.

அவர்கள் குளிர்காலத்தில் நம் காலை ஒன்பதரை அங்கே மாலை நான்கு. பகலெல்லாம் ஏரி, இரவு ஒரு மணி வரை எக்செல். இருபத்தைந்து வயதில் இது சொர்க்கம். நாற்பத்து நான்கில், மூன்றாம் நாள் ஏரிக்கரையிலேயே குறட்டை.

ஜூன் 19, 2025

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "வயதானவர்களுக்கு அங்கே உடம்புக்கு வந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் நாங்கள் போகவில்லை." நியாயமான பயம்தான் அம்மா. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலே சொத்தை விற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் நாங்களும் நடுங்கினோம். காப்பீடு இல்லாமல் போகவே போகாதீர்கள்.

ஜூன் 20, 2025

நேற்று எழுதியது பாதிதான் சரி. டெகாபோ ஏரிக்கரையில் என் மகள் கூழாங்கல்லில் வழுக்கி மணிக்கட்டைப் பிசகிக்கொண்டாள். வலியைவிட பில் எவ்வளவு வரும் என்பதுதான் எனக்குப் பயம். சிகிச்சைக்குப் போன இடத்தில், வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினார். விபத்தில் காயம் என்றால் சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டமே ஏற்றுக்கொள்ளும் என்றார். ஏசிசி என்பார்கள், 1974 முதல் இருக்கிறது. யார் மேல் தப்பு என்றே கேட்பதில்லை. நான் கொடுத்தது சின்னப் பங்குதான்.

ஆனால் இது விபத்துக்கு மட்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, சர்க்கரை எல்லாம் இதில் வராது. அந்த அம்மாவுக்கு என் பதில் மாறவில்லை: காப்பீடு எடுத்துவிட்டுப் போங்கள். பயத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வழுக்கி விழுந்தால் அரசாங்கம், வயிற்றுவலி என்றால் நீங்களே என்று மாமியாரிடம் சொன்னேன். "அப்ப வயித்து வலி வந்தா வழுக்கி விழுந்துட வேண்டியதுதான்" என்றார்.

ஜூன் 28, 2025

இரண்டு நாளாக எல்லோரும் எரிமலை, பூகம்பம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 பிப்ரவரி 22 கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்தில் 185 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 9 வகாரி தீவில் எரிமலை வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள், அவர்களில் 22 பேர் இறந்தார்கள். இதில் கசப்பான விஷயம், வகாரியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த எரிமலையைப் பார்க்கவே போன சுற்றுலாப் பயணிகள். இந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கிறவர்கள் ஜப்பானுக்கு மட்டும் யோசிக்காமல் கிளம்புகிறார்கள். அங்கே பூமி ஆடாதா?

ஜூன் 29, 2025

பயம் என்றால் நான் பயந்தது விமான நிலையச் சுங்கத்தில்தான். இதை விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் என் அக்கா குடும்பம் போகாததற்கு அவர்கள் சொல்லும் காரணமே இதுதான். "ஒரு ஊறுகாய் பாட்டிலுக்கு 400 டாலர் தண்டம் போடுவாங்களாம்."

தண்டம் உண்மை. ஊறுகாய்க்கு இல்லை, சொல்லாமல் மறைத்ததற்கு. கையில் உணவு, செடி, விதை, மண் ஒட்டிய செருப்பு எதுவும் இருந்து, வருகைப் படிவத்தில் குறிக்காமல் போனால் அந்த இடத்திலேயே 400 டாலர். குறித்துவிட்டால் தண்டம் இல்லை. பார்ப்பார்கள், ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மாமியார் பையில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அதோடு எங்களுக்குத் தெரியாமல் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டுக் கறிவேப்பிலை. வரிசையில் நிற்கும்போதுதான் சொன்னார். எனக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, உணவு இருக்கிறது என்று படிவத்தில் ஆம் போட்டிருந்தேன். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். சிரித்தார். "நல்ல வாசனை, ஆனால் உள்ளே விட முடியாது" என்று தொட்டியில் போட்டார். புளிக்காய்ச்சலும் பொடியும் திரும்பி வந்தன. ஒரு டாலர்கூட தண்டம் இல்லை.

எங்களுக்கு முன்னால் நின்றவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைச் சாப்பிடாமல் பையில் போட்டு வைத்திருந்தார், மறந்தே போயிருந்தார். பீகிள் நாய் ஒன்று வந்து அவர் பையருகே உட்கார்ந்தது. குரைக்கவில்லை, வெறுமனே உட்கார்ந்தது. அந்த ஆப்பிளின் விலை 400 டாலர்.

என் ஷூ அடியில் ஏலகிரி மண் இருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பத்து நிமிடத்தில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். அந்த ஷூவை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை, நான் உட்பட.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், அவர்கள் சூடு கண்ட பூனை. 2010இல் பிஎஸ்ஏ என்ற பாக்டீரியா கிவிப்பழத் தோட்டங்களில் புகுந்து கொடி கொடியாகப் பட்டுப்போக வைத்தது. விவசாயத்தில் பிழைக்கிற தீவு நாடு, கறிவேப்பிலைக் கட்டைக் கண்டு பயப்படுவதில் தப்பில்லை.

ஜூன் 30, 2025

அக்காவுக்கு மேலே உள்ளதை அனுப்பினேன். "கறிவேப்பிலை இல்லாத ஊருக்கு எதுக்குப் போகணும்?" என்று பதில் வந்தது. எல்லாத் தடையையும் விளக்கம் சொல்லி நீக்கிவிட முடியாது.

ஜூலை 6, 2025

நாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட அடி ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இறங்கிய வியாழன் ஏப்ரல் 25. அன்று ஆன்சாக் நாள், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். பகல் ஒரு மணி வரை பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். காலை பத்தரைக்கு ஊருக்குள் வந்தோம். சூப்பர்மார்க்கெட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டு இரவு விமானப் பயணம், பசியில் குழந்தை, காலில் வீக்கத்தோடு மாமியார். பெட்ரோல் பங்கில் ரொட்டியும் பாலும் வாங்கினோம். திறந்திருந்த ஒரு காபிக்கடையில் விடுமுறை நாள் என்று பில்லில் பதினைந்து சதவீதம் கூடுதல். மாலை ஆறுக்கெல்லாம் இருட்டிவிட்டது.

அன்றைக்கு யாராவது திரும்பும் டிக்கெட்டை நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன்.

குறை என்னுடையதுதான். விடுமுறை நாள் பார்க்காமல் தேதி குறித்தேன். ஆனால் தூரத்து நாட்டின் தடை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பெரிதாக எதுவும் தடுப்பதில்லை. எது எப்போது மூடும் என்று நமக்குத் தெரியாது, கேட்க ஆளும் இல்லை. சின்ன ஊர்களில் காபிக்கடை மூன்று மணிக்கே கடையைக் கட்டிவிடும். சிங்கப்பூர் போனால் கேட்க நாலு தமிழர் கிடைப்பார்கள். அங்கே செம்மறியிடம்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 6, இரவு

ஆக்லாந்தில் இருக்கும் ஒருவர் கோபித்துக்கொண்டார். தமிழ்ச் சங்கமே இருக்கிறதாம். சரி. செம்மறியை வாபஸ் வாங்குகிறேன். ஆக்லாந்து இருப்பது வடக்குத் தீவில், நாங்கள் தெற்குத் தீவோடு திரும்பிவிட்டோம், அதனால் வந்த வினை.

அவர் இன்னொன்றும் நினைவுபடுத்தினார், தமிழ் மணி. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் வடக்குத் தீவில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் குடியிருப்பு ஒன்றுக்குப் போனபோது, உடைந்த வெண்கல மணி ஒன்றில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருந்தது. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை புதிர். நம் எழுத்து விசா இல்லாமல் போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது, நாம் இன்னும் சீட்டுப் பணத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 15, 2025

"கார் ஓட்டத் தெரியாதவர் போய்ப் பயனில்லையாமே?" என்று ஒரு கேள்வி. ஓட்டத் தெரிந்தால் சுகம். இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள், நம் உரிமத்தில் ஆங்கிலம் இருப்பதால் தனி மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என்னைத் திணறடித்தது ஒருவழிப் பாலங்கள். நெடுஞ்சாலையிலேயே திடீரென்று ஒரு வண்டி மட்டும் போகும் பாலம் வரும். வட்டப் பலகையில் நம் திசை அம்பு சிவப்பாகச் சிறுத்திருந்தால் நின்று எதிரில் வருபவருக்கு வழிவிட வேண்டும். இங்கே லைட் அடித்தவன் முதலில் போவான் என்று பழகிய கைக்கு, அம்பைப் பார்த்து நிற்பது வர இரண்டு நாள் ஆனது.

செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்த பள்ளத்தாக்கான மில்ஃபோர்டுக்கு மட்டும் நான் ஓட்டவில்லை. தே அனாவிலிருந்து கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர் மலைப்பாதை. வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டர், உள்ளே பாதை மேற்கே சரிந்துகொண்டே போகும். பனிக்காலத்தில் பனிச்சரிவு அபாயம் என்று பாதையை மூடிவிடுவார்கள், மே முதல் டயருக்குச் சங்கிலி வைத்திருக்க வேண்டும். பேருந்தில் போனோம். சுரங்க வாசலில் கீயா என்ற பச்சைக் கிளிகள் நின்றிருந்த கார்களின் ரப்பர் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தன. வாடகைக் காரை அங்கே ஓட்டி வராதது எவ்வளவு நல்லது என்று காட்டியதற்கு அந்த நிமிடம் கிளிக்கு நன்றி சொன்னேன்.

மழை. ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் கொட்டும் இடம், வெயிலை எதிர்பார்த்தால் நம் தப்பு. பாறைச்சுவர் முழுக்க வெள்ளைக் கோடாக அருவிகள், மழை நின்றால் காணாமல் போகிறவை. மகள் எண்ண ஆரம்பித்து அறுபத்தெட்டில் விட்டுவிட்டாள்.

ஜூலை 16, 2025

மில்ஃபோர்டில் மணல் ஈ கடித்ததை எழுத மறந்தது எப்படி என்று மனைவி கேட்கிறார். அவருக்கு இரண்டு வாரம் கால் அரித்தது. கொசுவைவிடச் சின்னது, கறுப்பு, சத்தமே இல்லை.

மாவோரிகள் இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். தூ-தே-ரக்கி-வானோவா என்ற தேவன் அந்தக் கடற்பள்ளத்தாக்குகளைச் செதுக்கி முடித்தான். இறப்பின் தெய்வமான ஹினே-நுயி-தே-போ வந்து பார்த்தாள். இவ்வளவு அழகாக இருந்தால் மனிதர்கள் வந்து இங்கேயே தங்கிவிடுவார்களே என்று மணல் ஈயை அவிழ்த்து விட்டாள். பார், ஆனால் தங்காதே.

ஆக நியூசிலாந்தில் சுற்றுலாவுக்கு முதல் கட்டுப்பாடு போட்டது குடிவரவுத் துறை இல்லை. 100 டாலர் வரியெல்லாம் அதற்குப் பின் வந்ததுதான்.

ஜூலை 24, 2025

ஜூன் 12 அன்று ஏப்ரலைத் தப்பான மாதம் என்று எழுதினேன். நேற்று மகள் கணினியில் பழைய படங்களைத் திறந்தாள். ஆரோடவுன். 1862இல் தங்கம் கிடைத்து உருவான சின்ன ஊர், குயின்ஸ்டவுனுக்குப் பக்கம். தெரு முழுக்க மஞ்சள் இலை. மாமியார் ஒரு பெஞ்சில் இரண்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியிலும் இலை. அந்தப் படம் ஜனவரியில் கிடைத்திருக்காது. ஆன்சாக் நாள் கடுப்பில் மாதத்தையே திட்டிவிட்டேன். ஏப்ரலில் போகலாம், ஸ்வெட்டர் மட்டும் கூட ஒன்று.

ஜூலை 25, 2025

"நாட்காட்டிதான் காரணம் என்றால் ஓய்வுபெற்றவர்கள் ஏன் போவதில்லை? அவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிறுதானே?"

மாட்டிக்கொண்டேன். இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. மாமியாரிடமே கேட்டேன். அவர் அப்போது ஏன் முதலில் மறுத்தார்?

"அவ்வளவு தூரம் ஒரு தடவைதான் போவோம். அந்த ஒரு தடவை சரியா அமையலைன்னா? அதுக்குப் போகாமலே இருந்தா, எப்ப வேணா போகலாம்னு இருக்கும்ல."

இதைக் கேட்டபின் என் ஆறு வருஷமும் எனக்குப் புரிகிறது. பாங்காக் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஊர். நியூசிலாந்து அப்படி இல்லை. எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருந்தோம்: மகள் கொஞ்சம் வளரட்டும், கடன் முடியட்டும், மாமியாருக்கு முட்டி வலி குறையட்டும், பிப்ரவரியில் விடுப்பு கிடைக்கட்டும். விசா, வரி, தூரம் எல்லாமே அந்தக் காத்திருப்புக்கு நாங்கள் சொல்லிக்கொண்ட சாக்குகள். கடைசியில் எதுவும் சேர்ந்து வரவில்லை. மாமியாரின் முட்டி இன்னும் மோசமானது, இதற்கு மேல் தள்ளினால் அவரால் முடியாது என்றுதான் கிளம்பினோம்.

ஜூலை 25, இரவு

மேலே சொன்னதும் முழு விளக்கம் இல்லை, தெரியும். போகிறவர்களிலேயே ஐந்தில் இரண்டு பங்கு ஆஸ்திரேலியர்கள். அவர்களுக்கு இது ஒரு தடவைப் பயணம் இல்லை, வார இறுதி. 2019இல் மொத்தம் 39 லட்சம் பேர் வந்தார்கள். 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள், 2022 ஜூலை முடியும்போதுதான் முழுதாகத் திறந்தார்கள். 2024இல் 33 லட்சம். தூரத்துக்காரர்கள் ஒரு தடவை தள்ளிப்போட்டால் அப்படியே தள்ளிப்போய்விடுகிறது என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 3, 2025

உலக வரைபடத்திலேயே நியூசிலாந்தை விட்டுவிடுகிறார்கள் என்று ஒருவர் எழுதியதை நம்பவில்லை. மகளின் பென்சில் டப்பா மூடியில் உள்ள படத்தைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவோடு உலகம் முடிந்துவிட்டது. 2018இல் அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டன் இதை வைத்தே ஒரு வேடிக்கை விளம்பரத்தில் நடித்திருக்கிறார். மகள் பேனாவால் வலது மூலையில் இரண்டு தீவு வரைந்து வைத்திருக்கிறாள். தெற்குத் தீவு மட்டும் ஆஸ்திரேலியா அளவுக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 17, 2025

டிக்கெட் விலைதான் காரணம் என்று ஆரம்பித்த வாசகர் இன்று எழுதியிருக்கிறார். நவம்பர் கடைசிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாராம். டிக்கெட் பாதி விலைக்கு வந்ததா என்று கேட்டேன். இல்லையாம், கூடத்தான் இருந்ததாம். மனைவிக்கு டெகாபோவில் லூபின் பூக்கும் நாள் பார்த்தே தேதி குறித்தாராம். ஷூவை என்ன செய்வது என்று கேட்கிறார்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பகுதிப் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். கூழாங்கல் சிக்கியிருந்தால் ஊக்கால் நெம்பி எடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். அப்படியும் படிவத்தில் ஆம் என்றே போடுங்கள். விமானத்தில் ஆப்பிள் கொடுத்தால் அங்கேயே தின்றுவிடுங்கள். அம்மா கூட வருகிறார் என்றால் அவர் பையை ஒரு தடவை நீங்களே பிரித்துப் பாருங்கள், ஈரத்துணி இருக்கிறதா என்று.